முதுகு காட்டிய காளை

ரீட்வில் நகரின் மேற்கு வாயிற்கோபுரத்தை மறைத்திருந்த துணியை விழா நாள் காலையில்தான் அகற்றினார்கள். சாலையில் நின்று நிமிர்ந்து பார்த்த ஓவியர் ரெகுலாவுக்கு அப்போதுதான் தன் பிழை தெரிந்தது.

வளைவின் மேல் இரண்டு கேடயங்கள். இடப்புறம் சிவப்புப் பின்னணியில் ரீட்வில்லின் வெள்ளைக் காளை. வலப்புறம் அண்டை ஊரான ஸீஹோஃபின் நாரை. முன்னொரு காலத்தில் கோபுரம் எரிந்தபோது கூரைக்கு மரம் தந்த ஊர் என்பதால், ஸீஹோஃபின் சின்னமும் அங்கே இடம்பெற்றது. கேடயத்து விலங்குகள் இடப்புறம் நோக்குவதே முறை. ஆயினும் இரு கேடயங்கள் அருகருகே அமைந்தால், இடப்புறத்து விலங்கு மரியாதை கருதித் திரும்பி மற்றதன் முகம் பார்க்க வேண்டும். துணி மறைவில் காளையை மட்டுமே கண்டு, மங்கிய சாயத்தைப் புதுப்பித்த ரெகுலா, பழைய ஓவியர் பிழை செய்துவிட்டதாக எண்ணி அதை இடப்புறம் நோக்கத் திருப்பி வரைந்துவிட்டார். இப்போது அது நாரைக்குப் பின்புறத்தைக் காட்டி நின்றது.

ஊற்றுநீரைப் பங்கிடுவதில் எழுந்த தகராறுக்குப் பின் பல ஆண்டுகளாக இவ்வாயிலை மிதிக்காத ஸீஹோஃப்காரர்கள் இன்றுதான் விருந்துக்கு வருகிறார்கள்.

"விடும்மா, யாரு அண்ணாந்து பாக்கப்போறா?" என்றார் நகரத் தலைவர் கஸ்பார்.

"அவங்க பாப்பாங்க, தலைவரே. அவங்க நாரை அங்க இருக்கே!"

அவர்கள் வந்தார்கள், பார்த்தார்கள். வரவேற்பு வாத்தியம் நின்றது. ஸீஹோஃபின் தலைவி அன்னெலி இடுப்பில் கைவைத்தார்.

"ஏன் கஸ்பார், விருந்துக்குக் கூப்பிட்டுட்டு மாட்டோட பின்பக்கத்தக் காட்டுறீங்களே, இதான் உங்க ஊரு வரவேற்பா?"

சிலர் வந்த வழியே திரும்பத் தொடங்கினர்.

"அது... மழையில..." என்று இழுத்தார் கஸ்பார்.

"மழையில்லீங்க, நான்தான்," என்றார் ரெகுலா. "பழைய காளை உங்க நாரையத்தான் பாத்துட்டிருந்துச்சு. தப்புன்னு நெனச்சு நான்தான் திருப்பிட்டேன். மன்னிச்சிடுங்க."

அன்னெலி மறுபடி நிமிர்ந்து காளையைப் பார்த்தார். "இவ்வளவு வருஷச் சண்டையிலயுமா அது எங்களப் பாத்துட்டிருந்துச்சு?"

"ஆமாங்க. ஒரு நாளும் முகத்தத் திருப்பிக்கல."

"அப்ப ஏணிய வைங்க. நாங்க நிக்கிறோம்."

ரெகுலா ஏறினார். காளையின் தலையைச் சிவப்பால் மூடி, நாரையைத் திரும்பிப் பார்க்கும் புதுத்தலையொன்றை வெள்ளையில் வரைந்தார்.

"பாவம், கழுத்து சுளுக்கிக்கப்போகுது!" என்று கீழிருந்து ஒருவர் கத்த, இரு ஊராரும் சிரித்தார்கள்.

"அடுத்த வாரம் முழுசாத் திருப்பிடறேங்க," என்றார் ரெகுலா.

"வேண்டாம்," என்றார் அன்னெலி. "நாங்க கூப்பிட்டதும் திரும்பிப் பாத்த மாதிரி இருக்கு. அப்படியே இருக்கட்டும்."

சாயம் உலருமுன்பே, முதல் ஆளாக அவர் வாயிலுக்குள் நடந்தார்.