பட்டினியிலும் கொழுத்த கிருமி

ஈரலில் சீழ் கட்ட வைக்கும் ஒரு கிருமி தைவானில் எங்களுக்குப் பழைய பகையாளி. அது எதைத் தின்று, எதை எதுவாக மாற்றி உயிர் வாழ்கிறது என்று கணினியில் வரைபடம் போடுவது என் வேலை. தைனானில் நான் ஒரு படம் போட்டிருந்தேன். தைபேயில் சியூ யான்-டிங் இன்னொன்று போட்டிருந்தான். கல்லூரியில் எனக்கு இளையவன். கருத்தரங்குக்குக் கருத்தரங்கு அவன் என் படத்தில் ஓட்டை கண்டுபிடிப்பான், நான் அவனுடையதில்.

எங்கள் மருத்துவமனையில் கிருமிகளை வளர்த்துச் சோதிக்கும் டாக்டர் ஃபாங் சூ-சென்னுக்கு இது அலுத்துப்போனது. கிருமி ஒன்றுதானே, படம் ஏன் இரண்டு என்று கேட்டு, அவனை ரயிலேறி வரச் சொல்லிவிட்டார்.

முதலில் பெயர்ச் சண்டை. ஒரே சர்க்கரைக்கு நாங்கள் ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தோம். அதைத் தீர்த்து, இரு படங்களையும் இணைத்துக் கணினியில் ஓட்டினோம். இரை எதுவும் கொடுக்காமலே திரையில் கிருமி வளர்ந்தது.

"அக்கா, உங்க கிருமி காத்தைக் குடிச்சே கொழுக்குது," என்றான் யான்-டிங்.

"என் படத்துல அது பட்டினி போட்டா சாகும். நீ வந்தப்புறம்தான் இந்தக் கொழுப்பு."

சூ-சென் சிரிக்கவில்லை. ஒவ்வொரு ரசாயன மாற்றத்துக்கும் சோதனைச் சான்று உண்டா என்று ஒருவரையொருவர் கேட்கச் சொன்னார். துருவியபோது, என் படத்தில் முன்னோக்கிப் போகும் ஒரு மாற்றம் அவன் படத்தில் பின்னோக்கிப் போவது அகப்பட்டது. இரண்டும் சேர்ந்து செக்குமாடு போலச் சுற்றி, இல்லாத சக்தியை உண்டாக்கிக்கொண்டிருந்தன. சான்று என் பக்கம் இருந்தது. அவன் முணுமுணுத்துக்கொண்டே அம்புக்குறியைத் திருப்பினான்.

அதன் பிறகு வேலை வேகம் பிடித்தது. கிருமிக்குத் தன் வெளிச்சுவரைக் கட்ட ஒரு பொருள் தேவை. அதைச் செய்யும் ரசாயனப் பாதையை அடைத்தாலும் அது பிழைத்துக்கொள்ளும் என்றே இரண்டு படங்களும் சொல்லிவந்தன. என்னுடையதில் ஒரு குறுக்குவழி, அவனுடையதில் வேறொன்று. என்னுடையதற்குச் சான்று கேட்டான். இல்லை, வேறொரு கிருமியைப் பார்த்து ஊகமாகப் போட்டது. அவனுடையதும் அப்படியே. இரண்டையும் அழித்து, பாதையை அடைத்து ஓட்டினோம். வளர்ச்சி பூஜ்யம். மறுபடி ஓட்டினேன். பூஜ்யம்.

"செத்துடுச்சுக்கா," என்றான் மெதுவாக.

"திரையில செத்தா போதுமா?" என்று சொல்லிக்கொண்டே சூ-சென் ஆய்வக அங்கியை மாட்டிக்கொண்டார்.

வேண்டும்போது அந்தப் பாதையை அணைக்க முடியும்படி கிருமியை மாற்ற அவருக்குச் சில வாரங்கள் பிடித்தன. முடிவு தெரியும் நாளில் யான்-டிங் சொல்லாமலே வந்து நின்றான். இரண்டு குழாய்களிலும் மனித ரத்தத்திலிருந்து பிரித்த நீர். மாற்றாத கிருமி இருந்த குழாய், அது பெருகியதால் கஞ்சிபோலக் கலங்கியிருந்தது. பாதை அணைக்கப்பட்ட கிருமி இருந்த மற்ற குழாயைச் சூ-சென் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அதன் வழியாக எதிர்க் கட்டடத்தின் பெயர்ப்பலகையைப் படிக்க முடிந்தது. நான் யான்-டிங்கின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தான்.

இன்னும் பலமுறை செய்து பார்க்க வேண்டும், மருந்து என்பதெல்லாம் வெகு தூரம் என்றார் சூ-சென். சொல்லும்போதே அவர் குரல் துள்ளியது. எங்களை மாட்டுக்கறி சூப் குடிக்க அழைத்துப் போனார். ஆய்வுக் கட்டுரையில் யார் பெயர் முன்னால் என்று வழியெல்லாம் நாங்கள் சண்டை போட்டோம்.