ஜூலைத் தாள்

காலை ஆறு பத்து, என் கை கதவிடுக்கில் இருக்கிறது, வெளியே வராந்தாவில், எங்களை டூர் கூட்டிவந்த இருதயராஜ் தம்பி என் விரலில் ஆக்சிஜன் அளக்கும் கவ்வியை மாட்டிவிட்டு எண் வருவதற்குக் காத்திருக்கிறார், நான் இந்தப் பக்கம் மூச்சை ஆழ இழுத்து இழுத்து விடுகிறேன், பின்னால் கட்டிலில் என் வீட்டுக்காரர் இருமலைத் தலையணையில் அமுக்கிக்கொண்டு கிடக்கிறார், எண்பத்தெட்டும்மா, நல்லாருக்கு, அடுத்து சாரைக் கையை நீட்டச் சொல்லுங்க, என்கிறார் தம்பி. கையை உள்ளே இழுக்கிறேன், வளையல்களை முழங்கை வரை ஏற்றுகிறேன், அவருடைய பழுப்பு ஸ்வெட்டரை மாட்டி, கைப்பகுதியை மணிக்கட்டுக்குக் கீழே இழுத்துவிட்டு, அதே இடுக்கில் மறுபடி நீட்டுகிறேன், இந்த முறை இடது கை. எண்பத்தேழு, அம்மாவைவிட ஒண்ணுதான் கம்மி, ஜோடிப் பொருத்தம்னா இதுதான் சார், என்று தம்பி சிரிக்கிறார், நோட்டில் பேனா ஓடுகிறது, பக்கத்துக் கதவைத் தட்டப் போய்விடுகிறார். அவருடைய உண்மையான எண் என்ன என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது, அதை யாரும் அளக்கவில்லை.

இதை நேற்றுக் காலை செய்தேன், ஆனால் இந்த வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும்போது கை இன்னும் அந்த இடுக்கில்தான் இருக்கிறது, வெளியே பனி, முன்னால் வரிசையாக வண்டிகள், வரிசையின் தலையில் ஒரு லாரி சாலைக்குக் குறுக்கே நிற்கிறது, சங் லா கணவாய், பதினேழாயிரத்து ஐந்நூறு அடிக்கும் மேல் என்று பலகை சொல்கிறது. ஏரியிலிருந்து லே ஆஸ்பத்திரிக்கு இறங்க வேண்டும், இறங்குவதற்கு முதலில் இங்கே ஏறித்தான் ஆக வேண்டும், வேறு வழி இல்லை. அவர் தலை என் தோளில் இருக்கிறது, மூக்கில் ஆக்சிஜன் குழாய், நெஞ்சுக்குள் கொதிக்கும் உலைபோல் ஒரு சத்தம், ஓட்டுநர் ரிக்ஸின் இந்தியில் ஏதோ சொல்ல, முன்சீட்டிலிருந்து தம்பி திரும்பி, அரை மணி நேரத்துல வழி விட்டுருவாங்களாம்மா, என்கிறார், போன அரை மணி நேரத்திலும் இதையேதான் சொன்னார்.

தம்பி தூத்துக்குடிக்காரர், நாற்பத்தொரு முறை தமிழ்நாட்டு ஆட்களை இங்கே கூட்டி வந்திருக்கிறார், கூடவே சமையல்காரர், குக்கர், இட்லி அரிசி எல்லாம் வரும், மாவுதான் இந்தக் குளிரில் புளிக்கவே புளிக்காது. நாங்கள் பதினான்கு பேர், சிவகாசி, ராஜபாளையம், விருதுநகர், எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள், தினமும் காலையில் ஒவ்வோர் அறையாக வந்து விரலில் கவ்வி வைத்து அளப்பார், எண்பதுக்குக் கீழே இறங்கினால் அன்றைக்கு மேலே ஏறக் கூடாது, அது அவர் வைத்த சட்டம். பெண்கள் குளித்து உடை மாற்றும் நேரம் என்பதால் கதவைத் திறக்கச் சொல்ல மாட்டார், உள்ளே பார்க்கவும் மாட்டார், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பார், கையை மட்டும் நீட்டினால் போதும். நல்ல வீட்டுப் பிள்ளை என்று நாங்கள் பேசிக்கொண்டோம். என் கையைப் பார்த்தால் பெண் கை என்று யாருக்கும் தோன்றாது, இருபத்தாறு வருஷம் காலண்டரின் மேல்பட்டைக்குத் தகரம் அடித்த கை, விரல்நுனி எல்லாம் காய்ப்பும் வெட்டுத் தழும்பும், கல்யாணம் ஆன புதிதில் இவர் இதைப் பிடித்துப் பார்த்துவிட்டு, நீ என்ன கல்லு உடைக்கியா, என்று கேட்டார், அதே அச்சகத்தில்தான் அவர் ஆப்செட் மெஷின் ஓட்டினார், மாரியப்பன் கை வைத்தால் கலர் தப்பாது என்பார்கள்.

ஒரே ஒரு முறைதான் தப்பியது என்றார்கள். இரண்டாயிரத்து மூன்றில் கோவில்பட்டி உரக்கடை ஒன்றுக்கு லடாக் காலண்டர், பன்னிரண்டு தாள், பன்னிரண்டு இடம், ஜனவரிக்கு லே அரண்மனை, பிப்ரவரிக்கு வெள்ளை ஸ்தூபி, மார்ச்சுக்கு ஹெமிஸ் மடம், ஏப்ரலுக்குச் சிந்துவில் இன்னோர் ஆறு வந்து விழும் இடம், மேக்கு மணல்மேட்டில் இரட்டைத் திமில் ஒட்டகம், ஜூனுக்குக் கர்துங் கணவாய், ஜூலைக்கு பாங்காங் ஏரி. உரக்கடைக்காரர் ஜூலைத் தாளை மட்டும் திருப்பி அனுப்பினார், இப்படி ஒரு நீலம் உலகத்திலேயே கிடையாது என்று, முதலாளி மெஷினுக்கே வந்து எல்லோர் முன்னாலும், ஏம்ப்பா மாரியப்பா, ஏரியைச் சொட்டு நீலத்துல முக்கி எடுத்தியா, என்றார், பிலிம்ல அப்படித்தான் இருக்கு மொதலாளி என்று இவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை, நீலத்தைக் குறைத்து மறுபடி ஓட்டச் சொன்னார்கள், ஓட்டினார். திரும்பி வந்த தாளில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து அடுக்களைக் கதவுக்கு மேலே மாட்டினார், அதை எடுக்கவே விடவில்லை, பொங்கல் வரும், தீபாவளி வரும், எங்கள் வீட்டில் மட்டும் ஜூலை. சோறு போடும்போது அண்ணாந்து பார்த்து, ஒரு நாள் போய்ப் பாத்துரணும், என்பார், நான் ரசத்தை ஊற்றுவேன்.

இங்கே வந்ததிலிருந்து இடங்களின் பெயரை அவர் ஒரு முறைகூடச் சொல்லவில்லை, ஜனவரி பாத்தாச்சு, பிப்ரவரியில படி ஜாஸ்தி, இன்னைக்கு மே என்பார், வண்டி தானாக மேடேறும் மலை என்று ஓர் இடத்தில் எல்லோரும் இறங்கி ஓடினார்கள், அது காலண்டரில் இல்லை என்று இவர் இறங்கவில்லை. ஒட்டகத்தைப் பார்த்து ராஜபாளையம் கோமதி அக்கா, முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு, விழுறதுக்கே வழியில்ல, நம்ம வீட்டு ஆம்பளைங்களத் தைரியமா ஏத்தலாம் என்றாள், அவர் சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது, அது மே. ஜூன் கணவாயில் பத்து அடி நடந்து ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார், போட்டோ எடுக்க எழுந்திருக்கவில்லை. லேக்குத் திரும்பிய அன்று சாயங்காலம் தம்பி அளந்தபோது எழுபத்தொன்பது, நாளைக் காலையிலயும் இப்படி இருந்தா சார் ரூம்லயே இருக்கட்டும்மா, நீங்களும் துணைக்கு இருங்க, ஏரி எங்கயும் போயிடாது, என்று சொல்லிவிட்டுப் போனார். விடியும் வரை இவர் படுக்கவில்லை, உட்கார்ந்தே இருந்தார், சுவரில் சாய்ந்து. ஐந்தரைக்கு என்னைத் தொட்டு எழுப்பி, இந்தாரு, ஒரு விரல்தானே, உனக்குத்தான் பத்து இருக்குல்ல, என்றார். வேண்டாங்க என்றேன். இருபத்தொரு வருஷம்டி, இன்னும் அந்த ஜூலைத் தாள் ஒண்ணு மட்டும், என்றார். அவர் என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டவர் இல்லை, குரலைக் கேட்டபோது வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது, நான் எழுந்து ஸ்வெட்டரைத் தேடினேன்.

இரண்டு மணிக்கு ஏரிக்குப் போய்ச் சேர்ந்தோம், வானம் முழுக்க மேகம், ஏரி சாம்பல் நிறத்தில் கிடந்தது, கழுவிய பாத்திரத்துத் தண்ணீர்போல, அவர் கூடாரத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார், என்னங்க இது என்றேன், வெயில் வரட்டும், நாளைக்கு வெளுத்துரும், என்றார், அவ்வளவு சொல்வதற்கு நான்கு இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினார். டீ கொடுத்தபோது டம்ளரைப் பிடித்த விரல்களைப் பார்த்தேன், நகமெல்லாம் நீலம், ஷிப்ட் முடிந்து வந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன், மை போக மண்ணெண்ணெய் எடுத்துத் தரட்டுமா, துடைத்துக்கொண்டு சாப்பிட உட்காருங்க, என்று சொல்ல வாய் திறந்தேன், சுண்ணாம்பு உதிரும் எங்கள் வீட்டுச் சுவர் தெரிந்தது, அவர் நாற்பது வயது ஆளாய் வாசலில் நின்றார், பிறகு காற்று அடித்தது, அங்கே கல்லும் தண்ணீரும்தான் இருந்தன, அவர் மெஷினை விட்டு நான்கு வருஷம் ஆகிவிட்டது.

தம்பியைக் கூப்பிட்டேன். ஓடி வந்து கவ்வியை மாட்டினார், ஐம்பத்தெட்டு. தம்பி முகம் மாறியதைப் பார்த்தேன். மறுபடி மாட்டினார், ஐம்பத்தேழு. நோட்டைப் புரட்டினார், காலையில எண்பத்தேழு, இப்ப ஐம்பத்தெட்டு, ஒரே நாள்ல அப்படியெல்லாம் இறங்காதேம்மா, குளிர்ல மெஷின் படுத்துருச்சு போல, என்று பேட்டரியை மாற்றினார், அக்குளில் வைத்துச் சூடாக்கினார், தன் விரலில் மாட்டிப் பார்த்தார், பிறகும் இவருக்கு அறுபதைத் தாண்டவில்லை. ரிக்ஸின் இருட்டுவதற்குள் கிளம்பிவிடலாம் என்று சைகையில் சொன்னார், அப்போது மணி நான்கு, கணவாய் திறந்திருந்தது, பனியும் இல்லை. தம்பி என்னைப் பார்த்து, என்னம்மா செய்வோம், காலையில நல்லா இருந்தவர்தானே, ஆக்சிஜன் வச்சு ராத்திரி பாப்போமா, என்று கேட்டார். அவர் நாற்காலியில் இருந்தபடி என்னைப் பார்த்தார், தலையை லேசாக, மிக லேசாக ஆட்டினார், சொல்லாதே என்று, நான் பார்த்தது நிஜமாகவே அதுதானா அல்லது மூச்சு முட்டி ஆடிய தலையா என்று இப்போது தெரியவில்லை. பாப்போம் தம்பி என்றேன். ஒரு வாக்கியம் போதும், காலையில் நீட்டியது என் கை என்று, சொல்லியிருந்தால் அந்த நான்கு மணிக்கே வண்டி கிளம்பியிருக்கும், அது அந்த நிமிஷத்திலேயே எனக்குத் தெரியும், தெரிந்துதான் பாப்போம் என்றேன், எதற்குப் பயந்தேன், தம்பி திட்டுவார் என்றா, கோமதி அக்கா என்ன நினைப்பாள் என்றா, இல்லை விடிந்தால் வெயில் வரும் என்று நானும் நம்பினேனா.

வெயில் வந்தது. இன்று காலை ஏழு மணிக்கு இவரைக் கம்பளியில் சுற்றி வண்டிக்குத் தூக்கிப் போகிறார்கள், நான் பின்னால் செருப்பை எடுத்துக்கொண்டு நடக்கிறேன், திரும்பினால் ஏரி. மேகம் ஒதுங்கிய இடத்திலிருந்து அந்த நிறம் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது, தாளில் இருந்ததைவிட அதிகம், மை டப்பாவை அப்படியே கவிழ்த்ததுபோல, உரக்கடைக்காரரும் முதலாளியும் அதைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது, அந்த நேரத்திலும் தோன்றியது. ரிக்ஸினைக் கையைக் காட்டி நிறுத்தினேன், இவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினேன், என்னங்க கண்ணைத் திறங்க, ஜூலை, பாருங்க, நீங்க போட்டதுதான் சரி, என்றேன். இமை அசைந்தது, திறக்கவில்லை. நீலமா இருக்கா, என்றார், காதை வாயருகே வைத்தால்தான் கேட்கும் குரல். ஆமாங்க, உங்க தாளைவிட நீலம். நீ சும்மா சொல்லுதே, என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்று கேட்டு நான் இருக்கிறது என்றால் எப்படிச் சொல்வாரோ அப்படிச் சொன்னார். அதுதான் கடைசியாகப் பேசியது, அதற்குப் பிறகும் கண்ணைத் திறக்கவே இல்லை, வண்டி ஏற ஏற நெஞ்சுச் சத்தம் கூடிக்கொண்டே வந்தது, முதல் சிலிண்டர் பாதி மலையில் தீர்ந்தது, இரண்டாவதைத் தம்பி மாட்டினார், நான் அவர் விரல்களை என் உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தேன், மண்ணெண்ணெய் இருந்தால் போய்விடும் என்று மறுபடி ஒரு நிமிஷம் நினைத்தேன்.

லாரி நகர்கிறது. முன்னால் வண்டிகள் ஒவ்வொன்றாக ஸ்டார்ட் ஆகின்றன, ரிக்ஸின் கியர் போடுகிறார், வழி விட்டாச்சும்மா, இனி இறக்கம்தான், ரெண்டு மணி நேரத்துல லே, சாருக்குச் சொல்லுங்க, என்கிறார் தம்பி, குரலில் ஒரு தெம்பு. சொல்லக் குனிந்தேன். உலைச்சத்தம் இல்லை. எப்போது நின்றது என்று தெரியவில்லை, நான் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேனோ, வீட்டில் இருந்தேனோ, அவர் தலை முன்பு இருந்ததைப்போலவே தோளில் இருக்கிறது, கொஞ்சம் கூடுதலாகக் கனக்கிறது, அவ்வளவுதான். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்த ரிக்ஸின் வண்டியை ஓரம் கட்டி எஞ்ஜினை அணைத்தார், பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், பிறகு சுற்றிக்கொண்டு போனார்கள். தம்பி பின்கதவைத் திறந்து, கழுத்தில் கை வைத்துப் பார்த்து, நெஞ்சில் அமுக்கி, மறுபடி அமுக்கி, ரிக்ஸின் அவர் தோளைத் தொடும் வரை அமுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டார், நாற்பத்தொரு தடவைம்மா, ஒருத்தரைக்கூட நான் விட்டதில்ல, என்றார், பையிலிருந்து நோட்டை எடுத்து விரித்தார், பனி தாளில் விழுந்து எழுத்து கரைந்தது, துடைத்தார், மறுபடி விழுந்தது. அவர் மறுபடி துடைப்பதை நான் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், என் மடியில் இவர், கதவு திறந்து கிடக்கிறது, குளிர் உள்ளே வருகிறது, தம்பி தலையைத் தூக்கி என் முகத்தை நேராகப் பார்க்கிறார், இத்தனை நாளில் அவர் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை, அம்மா, நேத்துக் காலையில நான் அளந்தப்ப சார் நல்லாத்தானே இருந்தாரு, நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?