அத்தானின் கார்புரேட்டர்

ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு நண்பகலில் அத்தான் காரை எடுத்துக்கொண்டு போனார். கார் மட்டும் நெடுஞ்சாலை ஓரத்தில் கிடைத்தது, அத்தான் கிடைக்கவில்லை. காவல் நிலையக் கொட்டகையில் மட்கிய வண்டி சென்ற வாரம்தான் என் பட்டறைக்கு வந்து சேர்ந்தது.

வீட்டில் இரண்டு கட்சி. "மாப்பிள்ளை ஓடிட்டாரு" என்பது அம்மா கட்சி. ஓடிப்போனாலும் மாப்பிள்ளைக்கு மரியாதை குறையக் கூடாது. "வண்டி நின்னிருக்கும், உதவி தேடி நடந்திருப்பாரு, வழியில ஏதோ ஆயிருக்கும்" என்பது அக்கா கட்சி. தீர்ப்புச் சொல்லும் நீதிபதி, மெக்கானிக்காகிய நான்.

"துருவா பிசினான்னு மட்டும் பாத்துச் சொல்லுடா," என்றாள் அக்கா.

வருடக்கணக்கில் ஓடாமல் கிடக்கும் வண்டியில் பெட்ரோல் காய்ந்து பழுப்புப் பிசினாகும்; அது எல்லா வண்டியிலும் உண்டு. ஆனால் டேங்கின் துரு செதிலாக உதிர்ந்து, கார்புரேட்டர் ஜெட் வரை போய்ச் சிக்க வேண்டுமானால் வண்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஜெட் என்பது குண்டூசி நுழையவே யோசிக்கும் துளை உள்ள சின்னப் பித்தளைத் திருகு. இன்ஜினுக்குப் பெட்ரோல் போகிற வழியே அதுதான்; அடைத்துக்கொண்டால் வண்டி நின்றுவிடும். அதில் துரு இருந்தால் அத்தான் உத்தமர். பிசின் மட்டும் என்றால் ஓடுகாலி.

வியாழக்கிழமை கார்புரேட்டரைக் கழற்றினேன். கழற்றிய கை, பழக்க தோஷத்தில், எல்லாவற்றையும் கழுவும் திரவத்தில் போட்டுவிட்டது. முதலில் பார்க்க வேண்டும் என்ற நினைப்பு அரைமணி நேரம் கழித்துத்தான் வந்தது. ஜெட் தங்கப்பல் மாதிரி மின்னியது. சாட்சியைக் குளிப்பாட்டியே கொன்ற நீதிபதி, அதை வெள்ளைத் துணிமேல் வைத்துப் பட்டறையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

வெள்ளி காலை துளைக்குள் ஒரு துருச் செதில். ஈரமாக, புதுப் பெட்ரோல் வாசனையோடு. பட்டறையில் சொட்டுப் பெட்ரோல் கிடையாது. நமக்கேன் வம்பு என்று காற்றுக்குழாயால் ஊதித் தள்ளினேன். சனி காலை இன்னொன்று, காய்ந்தது. ஊதினேன். ஞாயிறு காலை மறுபடி. ஊதக் கை வரவில்லை.

பத்து மணிக்கு அக்கா வந்தாள்.

"என்னடா, பாத்தியா?"

"திட்டாதக்கா. பாக்கறதுக்கு முன்னாடியே கழுவிட்டேன்."

"தெரியும்."

"எப்படி?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கிட்ட இருக்குற சாவிய வச்சுத் தெறந்து பாத்தேன். பளபளன்னு இருந்துச்சு. அம்மாகிட்ட என்னத்தக் காட்டுறது? டேங்க்லேர்ந்து ஒரு செதில் எடுத்துச் சொருகினேன். நீ ஊதிட்ட, எருமை. நேத்து மறுபடி சொருகினேன்."

எனக்குப் போன உயிர் வந்தது. சிரித்தேன். பிறகு விரல்விட்டு எண்ணினேன்.

"வியாழக்கிழமை வந்தியா?"

"இல்லையே."

"வெள்ளிக்கிழமை காலையிலயும் ஒண்ணு இருந்துச்சுக்கா. ஈரமா."

அக்கா துணிமேல் குனிந்து ஜெட்டைப் பார்த்தாள். "அது எங்க?"

"ஊதிட்டேன்."

கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவள் அறையவில்லை. ஜெட்டை எடுத்து, தான் சொருகிய செதிலைச் செப்புக் கம்பியால் தள்ளி, துடைத்து, துணிமேல் வைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் எதிரே உட்கார்ந்தேன். கதவு திறந்திருந்தது. நல்ல வெயில். பக்கத்துக் கடையில் வெல்டர் யாரையோ போனில் வம்சத்தோடு திட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

"கண்ணைக் கொட்டாதடா."

"நீ மட்டும் கொட்டலாமோ?"

இருவரும் ஒரே சமயத்தில் கொட்டியிருக்க வேண்டும். துளை துருவால் அடைபட்டிருந்தது. ஜெட்டைச் சுற்றித் துணியில் ஈரம் வட்டமாகப் பரவியது. பெட்ரோல் நெடி மூக்கில் ஏறியது.

"அம்மாவக் கூப்பிடட்டுமா?" என்றேன். ஜெயித்த கட்சிக்கு வேறென்ன வேண்டும்?

அக்கா காதில் வாங்கவில்லை. காரின் பக்கம் திரும்பி, ஒன்பது வருடமாக நான் கேட்காத குரலில் சொன்னாள்: "வண்டி நின்னுச்சு, சரி. எந்தப் பக்கமா நடந்தீங்க?"

துணியில் வட்டம் பரவுவதை நிறுத்தியது. பிறகு அதன் ஓரத்திலிருந்து, வாசலைப் பார்த்து, விரல் அகலத்துக்கு ஒரு கோடு மெல்ல நீண்டது.

அக்கா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.