கோலாட்டத்துக்கு ஒரு பெர்மிட்

கோமளா மலேசியாவின் கிள்ளானில் ஒரு டியூஷன் சென்டரில் கணக்கு டீச்சர். சனிக்கிழமைகளில் கோலாட்டமும் சொல்லிக்கொடுப்பாள். கணக்குக்கு வாங்கிய பெர்மிட்டே இத்தனை வருஷமும் இரண்டுக்கும் போதுமாக இருந்தது. இந்த வருஷம் விதி மாறிவிட்டது. துணைப் பாடத்துக்குத் தனி பெர்மிட் வேண்டுமாம். அதற்கு அதிகாரியின் முன்னால் ஒரு புது ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்துக் காட்ட வேண்டுமாம்.

"எனக்கே பரீட்சையா?" என்று வாரம் முழுக்கப் பொரிந்து தள்ளினாள். அந்தக் கோபத்திலேயே புது ஆட்டத்தை வீடியோ எடுத்து, பிள்ளைகளுடைய அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டாள்.

அதிகாரி தேவராஜன் டையும் விறைப்புமாக வந்து உட்கார்ந்தார். கோமளா வாயைத் திறப்பதற்குள் பிள்ளைகள் அந்த ஆட்டத்தைப் பிசகாமல் ஆடி முடித்துவிட்டார்கள். டீச்சரைக் காப்பாற்றிவிட்ட பெருமை அவர்கள் முகத்தில்.

"இவங்களுக்குத்தான் எல்லாம் தெரியுதே, டீச்சர். நீங்க கத்துக்குடுக்கிறதை நான் எங்க பார்க்கிறது?" என்றார் அதிகாரி.

கோமளாவுக்குச் சுருக்கென்றது.

"தெரியாத ஆளு இங்க ஒருத்தர்தான் இருக்காரு. எழுந்து வாங்க லா, சார்!"

முதல் சுற்றில் தேவராஜன் தன் கட்டைவிரலிலேயே அடித்துக்கொண்டார். அடுத்ததில் எதிரே நின்ற சிறுமி அவருக்குத் தாளம் சொன்னாள். போகப்போக டை தோளுக்குப் பின்னால் பறந்தது.

"பாஸ்தான், டீச்சர்!" என்று மூச்சிரைக்கக் கத்தினார்.

கோமளா பேனாவை நீட்டினாள். அதை வாங்க அவர் கோலைக் கீழே வைக்க வேண்டும். வைக்கிற மாதிரி தெரியவில்லை.