வண்டிக்கு ஒரு தங்கப்பல்

கார்புரேட்டரின் ஸ்லைடு சிமெண்ட் தரையில் விழுந்து இரண்டாக உடைந்தபோது அவள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு ஸ்பூன் விழுந்த அளவுதான். ஆனால் அதற்குப் பின்னால் வந்த அமைதி சரியில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து பார்த்தால், கணவர் பழைய பைக்கின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, தன் வலது கையையே முறைத்துக்கொண்டிருந்தார்.

பக்கவாதம் வந்துபோன பிறகு பேச்சு தெளிந்துவிட்டது, காலும் ஓரளவு தேறிவிட்டது. வலது கைதான் அடம்பிடித்தது. அசையும், மடங்கும். தொட்டது என்னவென்று மட்டும் அதற்குத் தெரியாது. டம்ளர் நழுவும், சாவி நழுவும். ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதர் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கு நின்றார். அமுக்கிப் பழகச் சொல்லி டாக்டர் கொடுத்த ரப்பர் பந்து கட்டிலுக்கடியில் உருண்டு போனதோடு சரி. அப்படிப்பட்டவர் அன்று காலை யாரும் சொல்லாமலே கார்புரேட்டரைக் கழற்றித் துடைக்க உட்கார்ந்ததில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இப்போது அதிலும் மண் விழுந்தது.

ஸ்லைடு என்பது கட்டைவிரல் பருமனில் ஒரு உருளை. வலது கைப்பிடியை முறுக்கினால் அது மேலே ஏறிக் காற்றுக்கு வழிவிடும். கையை விட்டால் ஸ்பிரிங் கீழே தள்ளி மூடிவிடும். தெருமுனை மெக்கானிக் வீட்டுக்கு வந்து இரண்டு துண்டுகளையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"கம்பெனியே இழுத்து மூடிட்டுப் போயிட்டான் அக்கா. இது அவன் மட்டும் செஞ்ச சைஸு. பேசாம வேற கார்புரேட்டர் மாத்திடலாம்."

"மாத்தி என்ன? அதையும் நான்தானே போட்டு உடைக்கப்போறேன்" என்றார் கணவர். அன்றே வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடியாயிற்று.

அந்தப் பேச்சுதான் அவளைக் குடைந்தது. வண்டி ஓடாவிட்டால் குடி ஒன்றும் முழுகிவிடாது. ஆனால் இந்த மனிதர் மறுபடி ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிட்டால், எழுப்ப அவளிடம் வேறு வழி இல்லை. பயமாக இருந்தது.

அவளுக்குப் பல் லேபில் வேலை. டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துப் பல் செட்டும் உலோகக் கேப்பும் செய்கிறவள். உடைந்த துண்டுகளை மறுநாள் கைப்பையில் போட்டு லேபுக்கு எடுத்துப்போனாள். பசையால் ஒட்டி, ரப்பரில் அச்செடுத்து, அதில் மெழுகு வார்த்தாள். மெழுகு உருவத்தைச் சூடு தாங்கும் அச்சு மாவில் புதைத்துச் சூட்டில் உருக்கி ஓடவிட்டு, அது விட்ட பள்ளத்தில் கேப்புக்கு ஊற்றும் தங்க நிற உலோகத்தை ஊற்றினாள். லேப் முதலாளி எட்டிப் பார்த்தார்.

"யாருக்கும்மா இவ்வளவு பெரிய கடவாப்பல்?"

"எங்க வீட்டு வண்டிக்கு சார்."

அங்கேதான் ஒரு தப்பு நடந்தது. வாய்க்குள் போகிற பொருளில் நாக்குக்குத் துளி சொரசொரப்பும் தட்டுப்படக் கூடாது என்பது அவள் கையில் ஊறிய பழக்கம். ஸ்லைடையும் முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்து மினுக்கிவிட்டாள். வீட்டுக்குக் கொண்டுவந்து தார்ப்பாயை விலக்கி மாட்டிப் பார்த்தால், அண்ணன் சட்டையைத் தம்பி போட்டதுபோல் லொடலொடத்தது. சந்து வழியே காற்று புகுந்து எஞ்சின் அலறிய அலறலில் பக்கத்து வீட்டுக்காரர் சவர நுரையோடு மதில் மேல் எட்டிப் பார்த்தார்.

"பல்லு அழகாத்தான் இருக்கு. கடிக்கத்தான் மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுக் கணவர் சிரித்தார். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து! அதற்காகவே இன்னும் பத்து ஊற்றலாம் என்று தோன்றியது.

அடுத்ததைக் கொஞ்சம் தடிமனாகவே வார்த்து, மினுக்காமல் கொண்டுவந்தாள். உள்ளே போக மறுத்தது. கூடவே ஒரு கட்டு நீலத்தாளும் கொண்டுவந்திருந்தாள். கேப் மாட்டியவர்களைக் கடிக்கச் சொல்வார்களே, அந்தத் தாள். எங்கே இடிக்கிறதோ அங்கே நீலம் ஒட்டும்.

"தாளைச் சுத்தி உள்ள விட்டு எடுங்க. நீலம் பட்ட இடத்தை மட்டும் உப்புத்தாள்ல தேய்ங்க. விரலுக்குத் தெரியலன்னா என்ன, கண்ணுக்குத் தெரியுமில்ல?"

"இந்தக் கையாலயா? திரும்பப் போட்டு உடைக்கவா?"

"உடைங்க. அச்சு என்கிட்ட இருக்கு. இன்னொண்ணு ஊத்துறேன்."

அவர் முக்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டார்.

இடது கை பிடித்துக்கொள்ள, வலது கை தேய்த்தது. நீலம் இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு கீற்று. தேய்ப்பார், விட்டுப் பார்ப்பார், வாய்க்குள் எதையோ திட்டுவார். இரண்டு முறை ஸ்லைடு கீழே விழுந்து உருண்டது. அவள் தலை நிமிராமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமல் இருக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். அன்று முடியவில்லை, மறுநாளும் முடியவில்லை. மூன்றாம் நாள் மாலை ஸ்லைடு தன் எடையிலேயே சத்தமில்லாமல் துளைக்குள் இறங்கியது.

காலுக்கு உதைக்கும் வலு இன்னும் வராததால் அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அவள் பக்கத்தில் நின்று கிக்கரை உதைத்தாள்.

"ஐடிலிங் இன்னும் வைக்கல. கைய விட்டா நின்னுடும்" என்றார்.

நாலாவது உதைக்கு எஞ்சின் பிடித்தது. அவருடைய வலது கை முறுக்க முறுக்கச் சத்தம் ஏறியது, தளர்த்தத் தளர்த்தத் தணிந்தது. மறுபடி ஏறியது. கையால் உணர முடியாததை அவர் தலையைச் சாய்த்துக் காதால் கேட்டுக்கொண்டிருந்தார்.

சட்டென்று எஞ்சின் நின்றது.

அவள் பதறி அவர் தோளைப் பிடித்தாள். "பரவாயில்லைங்க. நழுவுறதுதான். போகப் போகச் சரியாயிடும்."

"நழுவல" என்றார் அவர். "நானா விட்டேன்."

கைப்பிடியின் மேல் விரல்கள் ஒவ்வொன்றாக மறுபடி மடிந்தன. சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் தாமதித்து, பிறகு அதுவும் வந்து சேர்ந்தது.

"ம். உதை."

அவள் சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு கிக்கரின் மேல் காலை வைத்தாள்.