ஹேமலதா படித்த நோய்கள்

முதலியார்பேட்டை ஹேமலதாவுக்கு முதலில் வந்தது மஞ்சள் காமாலை. கல்லீரல் பாடத்தின் நடுவில் வந்தது, பாடம் முடிந்து பக்கத்தைத் திருப்பியதும் போய்விட்டது. அது 2003ஆம் வருடம், அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரம். அவளுடைய அம்மா அஞ்சலாட்சி காபி கொண்டுவந்து வைத்தபோது மகளின் கண்ணும் நகமும் மஞ்சள் பூசினாற்போல் இருந்தன. டம்ளரை எடுத்துப்போக வந்தபோது பழையபடி வெளுத்திருந்தன. ஜன்னல் வெளிச்சம் அப்படிக் காட்டியிருக்கும் என்று அஞ்சலாட்சி நினைத்துக்கொண்டாள். மறுநாள் மலேரியா வந்தது. அந்தப் புழுக்கத்தில் மகள் கம்பளிக்குள் பல் கிட்டி நடுங்கியதை வெளிச்சத்தின் மேல் போட முடியவில்லை.

ஹேமலதா ரஷ்யாவில் ஆறு வருடம் மருத்துவம் படித்துப் பட்டம் வாங்கி வந்தவள். வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே வைத்தியம் பார்க்க வேண்டுமானால் டெல்லியில் ஒரு தேர்வு எழுதித் தேற வேண்டும் என்ற விதி, அவள் அங்கே இருந்தபோதே வந்துவிட்டது. முந்நூறு கேள்விகள். பாதி சரியாக இருந்தால் லைசென்ஸ், இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து மறுபடியும். அப்பா பலராமன் மின்துறையில் வேலை பார்த்தார். மகள் டாக்டர் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லி லட்டும் கொடுத்து முடித்திருந்தார். அதனால் வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எதிர்வீட்டு அமிர்தவல்லி இருமிக்கொண்டே வந்து உட்கார்ந்து, “ஆறு வருசம் பனியில குந்திப் படிச்சிட்டு வந்திருக்க, ஒரு சளி மருந்து எழுதித் தரக் கூடாதா?” என்று கேட்டாள்.

“எழுதக் கூடாதுங்க அத்த. லைசென்ஸ் வரல.”

“அப்புறம் என்னாத்துக்குப் போன?”

இந்தக் கேள்விக்கு எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லாததால் ஹேமலதா உள்ளே போய்ப் படிக்க உட்கார்ந்தாள். அன்று நுரையீரல் பாடம். அமிர்தவல்லி போவதற்குள் உள்ளேயிருந்து அவளுடையதைவிட மோசமான இருமல் கேட்டது.

நோய்கள் வருவதற்கு ஒரு முறை இருந்தது. வெறுமனே வாசித்தால் ஒன்றும் ஆகாது. எந்த வரியில் விஷயம் அவளுக்கு முழுதாகப் புரிந்ததோ, அந்த வரியில் நோய் வரும். பக்கத்தைத் திருப்பினால் போய்விடும். ஆனால் கடுமையான நோய்களில் பக்கத்தைத் திருப்பவும் கை எழாது. ஒருநாள் மூளைக்காய்ச்சல் பாடத்தில் அவள் கழுத்து விறைத்து, மதியத்திலிருந்து விளக்கு வைக்கும் வரை கிடந்தாள். அதற்குப் பிறகு அஞ்சலாட்சி சமையலை விடியற்காலையிலேயே முடித்துவிட்டு, கீரையோ வெங்காயமோ எடுத்துக்கொண்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. மகளின் முகம் போகும் போக்கைப் பார்த்து, போதும் என்று தோன்றும்போது எட்டிப் பக்கத்தைத் திருப்புவாள். டாக்டரைப் பார்க்கவில்லையா என்று கேட்டவர்களிடம், போவதற்குள் சரியாகிவிடுகிறது என்றாள். அது உண்மைதான்.

தேர்வு அறைக்குள் அம்மாவை விடமாட்டார்கள். முதல் தடவை டெல்லியில் ஹேமலதா பன்னிரண்டு கேள்விகள் வரை நன்றாகவே எழுதினாள். பதின்மூன்றாவது, சர்க்கரை ஏறி நினைவிழந்த ஒரு பெரியவரைப் பற்றியது. கேள்வி நன்றாகப் புரிந்தது. கண்காணிப்பாளர் கேள்வித்தாளை மூடி எடுத்துக்கொண்டு தோளைத் தட்டி எழுப்பியபோது மற்றவர்கள் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். ரயிலில் திரும்பி வரும்போது பலராமன் ஜன்னலோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். விஜயவாடா தாண்டியதும், “பரிச்ச எழுதறப்ப யாருன்னா தூங்குவாங்களா?” என்று ஒருமுறை கேட்டார்.

அவளோடு ரஷ்யாவில் படித்த விஜயராகவன் கருவடிக்குப்பத்தில் இருந்தான். அவனும் முதல் தடவை தோற்றவன். ஆனால் அவனிடம் திட்டம் இருந்தது. பாடத்துக்கு ஒரு நிறமாகப் பேனா, சுவரில் நேர அட்டவணை, முதல் எழுத்துகளைக் கோத்து உண்டாக்கிய அர்த்தமில்லாத சொற்கள், பழைய கேள்விகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது. சைக்கிளில் வந்து எல்லாவற்றையும் அவளுக்கும் சொல்லிக்கொடுத்தான். அவள் தன் கஷ்டத்தைச் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை.

“புரிஞ்சாத்தான வருது? புரிஞ்சிக்காத, ஹேமா. அப்படியே முழுங்கு.”

அவள் முழுங்கினாள். ஆறு மாதம் வீட்டில் ஒரு தும்மல் கிடையாது. அவள் உடம்பு தேறி, கன்னத்தில் சதை வைத்தது. அஞ்சலாட்சிக்குத் தன் சமையல் நேரம் திரும்பக் கிடைத்தது. டெல்லியில் இரண்டு தாள்களையும் மணி அடிப்பதற்கு முன்பே முடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். முடிவு வந்தபோது விஜயராகவன் தேறியிருந்தான், அவள் நாலு மதிப்பெண்ணில் போயிருந்தாள். கேள்விகளைக் கொஞ்சம் திருப்பிப் போட்டிருந்தார்கள். அவள் முழுங்கியது அப்படியே இருந்தது, திரும்பவில்லை. விஜயராகவன் ஸ்வீட் பாக்கெட்டோடு வந்து வாசலிலேயே நின்றான். “வருத்தமா இருக்கு ஹேமா,” என்றான். அவன் உண்மையாகவே வருத்தப்பட்டான், அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பாக்கெட்டை வாங்கிப் பிரிக்காமல் அமிர்தவல்லியிடம் கொடுத்துவிட்டாள்.

மூன்றாவது தடவைக்கு அவள் பழையபடி புரிந்துகொண்டே படித்தாள். சொறி, சிரங்கு, கண்வலி காலையில். காய்ச்சல்கள் சாப்பாட்டுக்குப் பிறகு. நரம்பு நோய்கள் அம்மா அருகில் இருக்கும்போது மட்டும் என்று ஒரு வரிசை போட்டுக்கொண்டாள். இந்த வரிசையில் பிரசவப் பாடம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்குத்தான் சேதராப்பட்டில் வேலை பார்த்த புருஷோத்தமன் என்ற பையனின் வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். சாயங்காலம் வருவதாகச் சொன்னவர்கள் ராகுகாலம் முடிந்ததும் வந்துவிட்டார்கள். கூப்பிட்ட அவசரத்தில் ஹேமலதா புத்தகத்தைத் திறந்தபடியே கட்டிலில் போட்டுவிட்டு, புடவையை அள்ளிச் சுற்றிக்கொண்டு, எட்டு மாத வயிற்றோடு கூடத்தில் வந்து கும்பிட்டாள். அஞ்சலாட்சி உள்ளே ஓடிப் புத்தகத்தை மூடினாள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வயிறு உள்ளே போனது, கொசுவம் அவிழ்ந்து தரையில் விழுந்தது.

பையனின் அம்மா காபியை முழுதாகக் குடித்துவிட்டுத்தான் எழுந்தாள். “முதல்ல இருந்திச்சி, இப்ப இல்ல. இதுல எது பெரிய குத்தம்னு எனக்குச் சொல்லத் தெரியல. நாங்க வரோம்,” என்றாள்.

ஒரு வாரத்துக்குள் அந்தச் செய்தி வில்லியனூர் வரை போய்விட்டது. பலராமன் முதல் தடவையாகச் சத்தம் போட்டார். ஏதாவது பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சராகச் சேரச் சொன்னார், மருந்துக்கடை வைக்கச் சொன்னார், கடைசியில் ஒன்றுமே செய்யாமல் சும்மா இருக்கச் சொன்னார். அந்தத் தேர்வும் போயிற்று. இந்தத் தடவை ஒரு பக்கத்தில் எட்டுக் கேள்விகள் என்பதால், எட்டு நோய்களும் ஒன்றாக வந்தன. ஒரு பக்கத்தில் ஆஸ்துமாவும் காலராவும் எலும்பு முறிவும் சேர்ந்து வந்தபோது, விடைக்கான வட்டத்தைக் கறுப்பாக்க அவளிடம் நல்லதாக ஒரு கைகூட இல்லை.

முடிவு வந்த அன்று அவள் சாப்பிடவில்லை. “வேணாம்டி, விட்டுடு. உசிரோட இருந்தா போதும்,” என்றாள் அஞ்சலாட்சி.

“எனக்குத் தெரியும்மா. எல்லாம் தெரியும். தெரியறதுதான் வியாதியா வருது. தெரியலன்னா ஃபெயிலு, தெரிஞ்சா மயக்கம். இதுல நான் என்னாம்மா பண்றது?”

அஞ்சலாட்சி மகள் தலையைத் தடவினாள். ஹேமலதா கையைத் தட்டிவிட்டாள். பிறகு அந்தக் கையையே பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது. முன்னாலிருந்து படித்து என்ன கண்டோம் என்று சொல்லி, தலைகாணி மாதிரி இருந்த அந்தப் புத்தகத்தைப் பின்பக்கமாகத் திறந்து, வீம்புக்குக் கீழிருந்து மேலாகப் படிக்கத் தொடங்கினாள். டைபாய்டு பாடத்தில் முதலில் மருந்தைப் படித்தாள், பிறகு பரிசோதனையை, கடைசியில் நோயை. காய்ச்சல் வந்தது. நெற்றியைத் தொட்டது, உள்ளே ஏற்கெனவே மருந்து இருப்பதைக் கண்டு, ஒரு மூச்சு விடும் நேரத்தில் போய்விட்டது. அஞ்சலாட்சி பக்கத்தைத் திருப்பக் கையை நீட்டி அப்படியே வைத்திருந்தாள். “இரும்மா,” என்றாள் ஹேமலதா. “நானே திருப்பிக்கறேன்.”

அதற்குப் பிறகு அவள் எல்லாவற்றையும் மருந்திலிருந்து நோய்க்குப் படித்தாள். அடுத்த தேர்வை வேண்டுமென்றே எழுதாமல் விட்டுவிட்டு ஒரு வருடம் அப்படிப் படித்தாள். நோய்கள் வந்தன, தும்மல் போல வந்துவிட்டுப் போயின. 2006இல் டெல்லியில் அவள் கேள்வியைப் பார்க்காமல் கீழே இருந்த நான்கு விடைகளை முதலில் படித்து, அந்த நோய் என்னவாக இருக்கும், அதற்கு என்ன மருந்து என்று மனதில் எடுத்து வைத்துக்கொண்டு, அதன் பிறகே கேள்விக்குப் போனாள். வேர்த்தது, கொஞ்சம் மூச்சு வாங்கியது, ஒரு தடவை இடது கால் மரத்துப்போனது. பேனா நிற்கவில்லை. கடைசித் தாளின் கடைசிக் கேள்வி, தாய் வழியாகப் பிள்ளைகளுக்கு வரும் நிறக்குருட்டைப் பற்றியது. அதற்கு மருந்து கிடையாது. எடுத்து வைத்துக்கொள்ள ஒன்றும் இல்லாமலே அவள் அந்தக் கேள்விக்குப் போனாள். விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் ஒரு கேள்விக்காக மறுபடி ஆறு மாதம் உட்கார அவளால் முடியாது. படித்தாள், புரிந்தது, விடையைக் கறுப்பாக்கினாள். அந்தப் பக்கத்தை அவள் மூடுவதற்குள் மணி அடித்து, கண்காணிப்பாளர் தாளைத் திறந்தபடியே பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

வெளியே பலராமன் ஆப்பிள் வாங்கிக்கொண்டு காத்திருந்தார். அவள் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஏம்ப்பா காயா பாத்து வாங்கியிருக்க?”

“நல்லா செக்கச் செவேல்னு இருக்கேம்மா,” என்றார் அவர். பிறகு மகள் முகத்தைப் பார்த்தார். ரயில் ஏறும்வரை அவள் கையைப் பிடித்தே கூட்டிப்போனார். சிக்னலில் சிவப்பு விழுந்தபோது நிற்கச் சொன்னார், பச்சை விழுந்தபோது வா என்றார்.

அவள் தேறிவிட்டாள். வேண்டியதற்கு மேல் இரண்டு மதிப்பெண் இருந்தது. அந்தப் பயிற்சி, இந்தப் பதிவு என்று இன்னும் ஒன்றரை வருடம் போனது. 2008இல் ரெட்டியார்பாளையத்தில் ஒரு மருந்துக்கடைக்குப் பக்கத்து அறையில் அவள் கிளினிக் திறந்தாள். சிவப்பும் பச்சையும் அவளுக்குத் திரும்பவில்லை. அந்தத் தாளை எங்கே வைத்திருக்கிறார்கள், யாராவது அதை ஒருமுறை மூடிவைக்க முடியுமா என்று பலராமன் டெல்லிக்கு இரண்டு கடிதம் போட்டார். அந்தத் தாள்கள் திருப்பித் தரப்படமாட்டா என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதோடு விட்டுவிட்டார்கள். தொண்டை, கண், தோல் எல்லாம் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டிய தொழில் என்பதால், அஞ்சலாட்சி மகள் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ரெட்டியார்பாளையத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டாக்டரம்மா வியாதியைச் சொல்வார், பெரியம்மா கலரைச் சொல்வார் என்று புதிதாக வருகிறவர்களிடம் பழையவர்கள் சொல்லிவைத்தார்கள்.

ஒரு மழைக்கால மாலையில், சரிதா என்ற பெண் கைக்குழந்தையோடு வந்தாள். குழந்தையின் முதுகில் ஏதோ தடித்திருந்தது. ஹேமலதா விரலால் அழுத்திப் பார்த்தாள், காய்ச்சல் பார்த்தாள், எப்போதிலிருந்து என்று கேட்டாள். பிறகு தலையைத் திருப்பினாள்.

“செவப்பாம்மா?”

அஞ்சலாட்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து நிதானமாகப் பார்த்தாள்.

“செவப்புதான். செங்கல் செவப்பு இல்ல, வெத்தல போட்ட வாய்ச் செவப்பு. ஓரத்துல கொஞ்சம் கொறச்சல்.”

“சரி,” என்று ஹேமலதா மருந்து எழுதினாள். “அடுத்த ஆள வரச் சொல்லும்மா.”