இரண்டு ஊருக்கும் ஒரே மஃரிப்

நோன்போடு கம்ப்யூட்டர் கோட் எழுதுவதெல்லாம் ஒரு வேலையா என்று ரமழானின் முதல் பத்து நாளில் அஸ்ரியா வாய் கிழியச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கடைசிப் பத்து வந்ததும் அந்தக் கதையை விட்டுவிட்டாள். விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்புவதும், பகல் முழுக்கக் கதிரையில் குந்தியிருப்பதும், பின்னேரம் கஞ்சி காய்ச்சுவதும் ஒரே உடம்புதானே.

மேற்குக் கரையிலுள்ள அவள் ஊரான மாம்புரியின் பள்ளிவாசல் சுவரில் தொழுகை நேரம் காட்டும் டீவிக்குப் பின்னால் இருப்பது அவள் எழுதிய ப்ளகின் என்கிற சின்ன மென்பொருள். அதைப் பார்த்துத்தான் முஅத்தின் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்வார், அதைக் கேட்டுத்தான் ஊர் நோன்பு திறக்கும். "பொம்புளப் புள்ளட வேலய நம்பி நோன்பு திறக்கிறதா?" என்று நிர்வாக சபையில் ஒருவர் இழுத்தபோது, தலைவர் அலியார் ஹாஜியார்தான் அவளுக்காக வரிந்து கட்டிக்கொண்டு பேசினார்.

புதிதாக வந்த இமாமுக்குச் சொந்த ஊர் கிழக்குக் கரையிலுள்ள காத்தான்குடி. தன் ஊர் நேரமும் பக்கத்தில் தெரிந்தால் நல்லது என்று ஆசைப்பட்டார். அன்று பகல் அஸ்ரியா அதைச் சேர்த்தாள். மற்றப் ப்ளகின்களோடு பெயர் மோதக் கூடாதென்று எல்லா வேலையையும் முன்பே 'கிளாஸ்' என்கிற ஒரே கட்டுக்குள் போட்டு, எல்லாவற்றையும் பொதுவான 'ஸ்டாடிக்' ஆக்கி வைத்திருந்தாள். அது சௌகரியம். கிளாஸின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேலை நடக்கும். ஊரின் பெயரும் அதற்குள்ளேயே இருந்தது. ஓர் ஊர் இருந்தவரை ஒரு தொல்லையும் இல்லை. இரண்டாவது ஊரைச் சேர்த்ததும் தலை சுற்றியது. சரிபார்க்காமலே மூடிவைத்துவிட்டுச் சமோசா மடிக்கப் போனாள்.

பாங்கு கேட்டது. பேரீச்சம்பழம் தின்று, பாதிக் கஞ்சியும் குடித்த பிறகுதான் ஃபோனில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். மாம்புரிக்கும் காத்தான்குடிக்கும், சூரியன் விழுந்து நோன்பு திறக்கும் மஃரிப் நேரம் ஒன்றாகவே இருந்தது. கிழக்குக் கரையில் சூரியன் முந்தி விழும், இங்கே பிந்தித்தான் விழும். இரண்டும் ஒன்றாக இருக்க வழியே இல்லை.

கஞ்சிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். ஸ்டாடிக்கில் இருப்பது ஒரே இடம், வீட்டுக்கு ஒரே குவளை வைத்திருப்பது மாதிரி. கடைசியாக ஊற்றினவர் ஊற்றினதுதான் அதில் இருக்கும். கடைசியாகப் போனது காத்தான்குடி. ஆக, சூரியன் விழுமுன்னமே மாம்புரி நோன்பு திறந்துவிட்டது. ஊர் முழுக்க இந்த நோன்பை இன்னொரு நாள் திரும்பப் பிடித்துக் கழாச் செய்ய வேண்டும்.

"ஆருக்குத் தெரியப்போகுது?" என்றான் கணவன் முபாரிஸ். "திருத்திப்போட்டுப் பேசாம இரி. சொன்னா இனி ஒனக்கு ஒரு வேலயும் தரமாட்டானுகள்."

அவன் சொன்னது பொய்யில்லை. முதலில் திருத்தினாள். ஸ்டாடிக்கைக் கழற்றிவிட்டு, ஒவ்வோர் ஊரும் தன் நேரத்தைத் தானே வைத்துக்கொள்ளும்படி, அந்தக் கிளாஸிலிருந்து ஊருக்கொரு குவளையாகத் தனித்தனி ஆப்ஜெக்ட் உருவாக்கினாள். பகலிலேயே செய்திருக்கலாம், பாழாய்ப்போன அலுப்பு. அழுகை வந்தது, அழத்தான் தெம்பில்லை. ஊர் இரவு தராவீஹ் தொழுகைக்குக் கூடும்போது அறிவிப்பதென்றால் இப்போதே சொல்ல வேண்டும். ஹாஜியாருக்கு ஃபோன் எடுத்தாள்.

"ஹாஜியார், இண்டைக்கி நேரம் பிழ. என்ட பிழதான். சூரியன் விழ முந்தியே பாங்கு சொல்லிட்டாங்க."

 சரி, இதோடு முடிந்தது என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"புள்ள," என்றார் ஹாஜியார். "நான் பள்ளிக்கு வெளிய, கடக்கரப் பக்கம்தான் நிண்டன். பழத்த வாயில வெக்கக்குள்ள சூரியன் தண்ணிக்கு மேல நிண்டிச்சி. ரெண்டு கண்ணாலயும் கண்டன்."

"அப்ப ஏன் ஹாஜியார் திறந்தீங்க?"

"சபையில ஒனக்காகப் பேசினவன் நான். ஒன்ட டீவி பிழ காட்டாது, என்ட கண்ணுலதான் கோளாறு எண்டு நெனச்சிட்டன்."

 அழத் தெம்பில்லை என்று நினைத்த அஸ்ரியாவுக்கு அழுகை இப்போது தாராளமாக வந்தது.

"மைக்ல நானே சொல்றன்," என்றார் அவர். "நாளைக்கி சரியா ஈக்குமா?"

"ஓம், சரியா ஈக்கும்," என்று மூக்கை உறிஞ்சினாள். "எண்டாலும் ஒருக்காக் கடலயும் பாருங்க, ஹாஜியார்."